ரோஸ் நிறத் தெருவின் பின்பக்கம்

கண்டியில் பத்து நாள் பயிற்சியை முடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் பலாங்கொடையில் பஸ்ஸை விட்டு இறங்கிய லக்ஷிகா, தன் வீடு இருக்கும் தெருவுக்குள் நுழைந்தாள். நுழைந்த வேகத்தில் இரண்டடி பின்னால் வந்து முனையிலிருந்த மருந்துக்கடையைப் பார்த்தாள். மருந்துக்கடை சரியான இடத்தில்தான் இருந்தது. அப்படியானால் தெருவும் இதுதான். ஆனால் தெரு ரோஸ் நிறத்தில் இருந்தது.

பழைய கடைவீதியில் ஒரு பக்கம் எப்போதோ கொங்கிரீட்டாகிவிட்டது. பின்னால் ஓடும் ஓயா ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மற்ற வரிசைதான் பழையது. மொத்தம் பதினேழு கடைகள். எல்லாவற்றிலும் செங்குத்தான பலகைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் செருகி மூடும் கதவுகள். இடம் மாறாமல் செருகுவதற்காக ஒவ்வொரு பலகையிலும் உளியால் வெட்டிய தமிழ் எண்கள். மேலே கூரை விளிம்பில், வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் சாம்பல் பூத்த, துணிச் சரிகைபோல் துளையிட்டு வெட்டிய மரச் சரிகைகள். பத்து நாளைக்கு முன்பு லக்ஷிகா போகும்போது இப்படி இருந்தது. இப்போது பலகை, எண், சரிகை, சுவர், தண்ணீர்க் குழாய், ஒரு இடத்தில் தபால் பெட்டியின் கால்கூட, ஒரே ரோஸ்.

அவளுடைய அப்பா பழனியப்பன் தங்கள் பலசரக்குக் கடைக்கு முன்னால் கையில் பிரஷ்ஷோடு நின்றார். முகத்தில் பெருமை வழிந்தது. மீசையில் பெயின்ட் வழிந்தது.

"என்னாம்மா, எப்பிடி இருக்கு? இன்னைக்குப் பௌர்ணமி, போயா லீவுங்கிறதால கடைய எல்லாம் மூடிட்டு, காலையில இருந்து ஒரே மூச்சா அடிச்சோம்."

"யாருப்பா இதைச் செய்யச் சொன்னது?"

"நீதானம்மா சொன்ன."

லக்ஷிகா தன் போனைத் திறந்து கடைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் தான் போட்ட செய்தியைப் படித்துப் பார்த்தாள். 'ஞாயிறு காலை பத்து மணிக்கு கொழும்பிலிருந்து நாற்பது பேர் நம் தெருவைப் பார்க்க வருகிறார்கள். எல்லோரும் ஒத்துழைக்கவும்.' அவ்வளவுதான். எதற்காக வருகிறார்கள் என்று எழுத மறந்திருந்தாள்.

அந்த நாற்பது பேரும் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய ஊரின் பழைய தெருவைக் காலாற நடந்து பார்க்கிறவர்கள். அவர்களை அழைத்து வருபவர் ஸும்றா என்ற பெண் கட்டடக் கலைஞர். இரண்டு மாதத்துக்கு முன் எஸ்டேட் பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை பொழுதைப் போக்க இந்தத் தெருவுக்குள் வந்தவர், பஸ்ஸை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் பலகைக் கதவுகளைப் படமெடுத்துக்கொண்டு நின்றார். பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் லக்ஷிகா, வேலை விட்டு வரும்போது அவரைக் கண்டு பேச்சுக் கொடுத்தாள். "இத மாதிரி முழு வரிசையா வேற எங்கயும் மிச்சமில்ல. நீங்களே சுத்திக் காட்டணும்," என்று ஸும்றா அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

லக்ஷிகா பையைக்கூட உள்ளே வைக்காமல் பக்கத்துக் கடைக்குப் போனாள். அது முஹ்ஸினின் ஹாட்வெயார் கடை. அறுபது வயதைத் தொட்ட முஹ்ஸின் தெருவின் வர்த்தகர் சங்கத் தலைவர்; லக்ஷிகாவுக்கு நானா, அதாவது அண்ணன். ஏணியின் உச்சியில் நின்று, கடைசிச் சரிகைக்குத் தானே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"நானா, கீழ எறங்குங்க. எவ்வளவு பெரிய வேலை பாத்து வச்சிருக்கீங்க தெரியுமா?"

"தெரியுமே! அம்பத்திரண்டு டின்," என்றார் முஹ்ஸின் மேலிருந்தே. "ஒரு ஹோட்டல்காரன் ஓடர் பண்ணிட்டு வேணாமெண்டு சொன்னது. ஆண்டவன்ட ஏற்பாட்டப் பாத்தீங்களா மகள்? சரியா ஒரு தெருவுக்குக் காணுது."

"அவங்க பழசப் பாக்கத்தான் நானா வாறாங்க! அந்தச் சாம்பல் நெறம், அந்த வெட்டின நம்பர், அதப் பாக்கத்தான்!"

முஹ்ஸின் மெதுவாக இறங்கினார். அவர் முகம் மாறியிருந்தது. கோபத்தைவிட அதில் வருத்தம்தான் அதிகமாகத் தெரிந்தது.

"மகள், ஒங்கட ஊட்டுக்கு நாப்பது பேர் விருந்துக்கு வாராங்க. நீங்க கிழிஞ்ச சட்டையோட வாசல்ல நிப்பீங்களா? 'நாங்க எவ்வளவு பழசா, எவ்வளவு ஊத்தையா ஈக்குறோம், வந்து பாருங்க'ண்டு எனக்குச் சொல்ல ஏலாது. நாங்க காட்சிச் சாமான் இல்லயே. யாவாரம் செய்யுற மனிசரு."

அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் லக்ஷிகாவுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. ஸும்றாவுக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்று சொல்லலாமா என யோசித்தாள். நாற்பது பேருக்கும் பஸ் பேசியாகிவிட்டது. சாப்பிடாமல் போய்ப் படுத்தாள்.

சனிக்கிழமை காலை தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை.

மூடிய பலகைகளின் மேல் அடித்த எனாமல், இடுக்குகளுக்குள் இறங்கி, பலகையோடு பலகையை ஒட்டிவிட்டிருந்தது. பலகைகளுக்கு நடுவே ஆள் போய்வர இருந்த சின்னக் கதவுகளும் அப்படியே இறுகிவிட்டன. வீடுகள் எல்லாம் கடைகளுக்குப் பின்னாலேயே இருந்ததால், பதினேழு குடும்பமும் உள்ளே. பழனியப்பன் உள்ளிருந்து தோளால் முட்டினார். கதவு அசையவில்லை, தோளில்தான் வலி. வரிசை முழுக்க உள்ளேயிருந்து இடிக்கும் சத்தம் கேட்டது. எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த முச்சக்கரவண்டிக்காரர்கள், "மொனவத மே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், என்ன இது என்று சிங்களத்தில்.

இதற்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம். அது ஓயாமல் வந்தது. லக்ஷிகா தன் வீட்டுச் சமையலறை வழியாகப் பின்வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பின்வாசலில் முஹ்ஸினின் மனைவி லதீபா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். லக்ஷிகாவும் அவளை அப்படியே அழைத்துப் பழகியிருந்தாள்.

"என்ன தாத்தா, என்ன நடந்துச்சு?"

"ஒங்கட நானா," என்றாள் லதீபா மூச்சு வாங்க. "முன்கதவு தொறக்கலியே, விடியச் சுபஹு தொழப் பின்சந்தால போனாரு. திரும்பி வாறப்ப ஊட்ட விட்டுட்டாரு. போன நோண்டிக்கிட்டே கிருஷ்ணகுமாரிட குசினிக்குள்ள போய் ஒக்காந்து, 'லதீபா, தேத்தண்ணி'ண்டாராம். அவளும் குடுத்தீக்கா. குடிச்சு முடிச்சாப் போலதான் தல நிமிந்து பாத்தீக்காரு."

லதீபா சொல்லி முடிக்கும் முன்பே, நாலு வாசல் தள்ளியிருந்த கிருஷ்ணகுமாரியின் வீட்டிலிருந்து முஹ்ஸின் வெளியே வந்தார். ஓட்டல்களுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் கிருஷ்ணகுமாரி, இடியப்பத் தட்டோடு வாசல் வரை வந்து, "நாளைக்கும் வாங்க முதலாளி, இன்னுங்கொஞ்சம் சீனி போட்டு வைக்கிறேன்," என்றாள்.

முஹ்ஸினை வீடு சேர்க்க லக்ஷிகா எதிரே போனாள். ஆனால் அவர் வீட்டைப் பார்த்து வரவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். அந்தச் சந்தில் இரண்டு பேர் தோள் உரசாமல் நடக்க முடியாது. காலுக்குக் கீழே தேய்ந்த கருங்கல். தலைக்கு மேலே இரண்டு பக்கத்துக் கூரை ஓடுகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு, நடுவில் ஒரு கோடு வானம் மட்டும்.

"மகள், இது என்ன சில்லு?" ஒரு மாடி ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சில்லைக் காட்டினார்.

"கீழ ஓயாக் கரையில வண்டிப்பாதை இருந்திச்சில்ல. அங்கயிருந்து மூட்டைய மேல தூக்கினது. கயிறு போன தடம் மரத்துல பள்ளமா இருக்கு பாருங்க."

"இந்த நீலச் சுண்ணாம்பு?"

"அது எப்பவோ அடிச்சது நானா. எனக்குத் தெரிஞ்சு அப்பிடியேதான் இருக்கு."

அவர் ஒரு வாசலில் நின்று கல் நிலைப்படியைத் தடவினார். நடந்து நடந்து நடுவில் கிண்ணம்போல் குழிந்திருந்தது. அடுத்த இடத்தில் சாக்கடைக்குப் பாலமாகப் போட்டிருந்த நீளப் பலகையைக் குனிந்து பார்த்தார். அது மூன்று மொழியிலும் எழுதிய ஏதோ ஒரு பழைய கடையின் பெயர்ப்பலகை. இன்னும் கொஞ்சம் தள்ளி, ஓயாவுக்கு இறங்கும் பதினொரு படிகள். பக்கத்தில் பாசி படிந்த பீலியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முஹ்ஸின் பீலிக்குக் கீழே கையை நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

"அறுவது வருஷமா இங்க ஈக்கன். இதெல்லாம் எப்ப வந்த?"

"நீங்கதான் வரல்ல," என்றாள் லதீபா வாசலிலிருந்து. "இது எங்கட ரோட்டு. முன்னால ஒங்கட."

லக்ஷிகா அப்படியே நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து இந்தச் சந்தில்தான் ஓடித் திரிந்தாள். உப்பு வாங்க, கறிவேப்பிலை பறிக்க, அம்மா அடிக்க வரும்போது ஒளிய. ஒருநாளும் இதைத் தெரு என்று நினைத்ததில்லை. ஸும்றாவிடம்கூட இப்படி ஒன்று இருப்பதைச் சொல்லவில்லை.

ஆண்கள் கடப்பாரை கொண்டு முன்கதவுகளைப் பெயர்க்கப் போன நேரத்தில், அவள் லதீபாவையும் கிருஷ்ணகுமாரியையும் பீலியடியில் பிடித்து, வருகிறவர்களைப் பின்சந்துக்கே கூட்டி வரும் யோசனையைச் சொன்னாள். லதீபாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"நல்லாயீக்கே. முன்வாசல்ல ஆம்பளைங்க மாலையும் கையுமா நிக்க, வந்தவங்களுக்கு எங்கட மீன் சட்டியக் காட்டுறதா?"

"மீன் சட்டியையும்தான் தாத்தா."

"ஏலாது. அப்ப இண்டைக்கு ஒரு நாள் தாங்க. பின்சுவரெல்லாம் கழுவி, ஒரு கோட் பெயின்ட்..."

"ஐயோ, தொடாதீங்க!" லக்ஷிகா கத்திய கத்தலில் படியில் படுத்திருந்த பூனை ஓடியது. "கும்புட்டுக் கேக்கிறேன். ஒண்ணையும் கழுவாதீங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க."

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. உள்ளாடைகளைக் கொடியிலிருந்து எடுத்துவிடலாம். மற்றதெல்லாம் இருந்தபடி. ஆண்களிடம் மூச்சு விடுவதில்லை. கடைசி நிபந்தனையைக் கிருஷ்ணகுமாரி போட்டாள்: "வாசல் வாசலா யாரு என்னா சொல்றதுங்கிறத நாங்களே சொல்லிக்குவோம். நீ பொஸ்தகத்துல இருக்கிற மாதிரிப் பேசிக்கிட்டிருக்காத."

ஞாயிறு காலை பத்தேகாலுக்கு பஸ் வந்தது. முதலில் இறங்கிய ஸும்றா தெருவைப் பார்த்துவிட்டு, லக்ஷிகா செய்ததைப் போலவே மருந்துக்கடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய கேமராவை மெதுவாக மூடினார். அவர் எதுவும் சொல்வதற்குள் ஒலிபெருக்கி அலறியது. கோட் சூட்டில் முஹ்ஸின் மேடையேறி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரவேற்புரை தொடங்கினார். பக்கத்தில் பழனியப்பன் மாலைகளோடு நின்றார். கடப்பாரை பட்ட இடங்களுக்கெல்லாம் சனிக்கிழமை மறுபடியும் பெயின்ட் அடித்திருந்தார்கள். இரவு பெய்த மழையில் அது காயவில்லை. உரை மூன்றாவது மொழிக்கு வருவதற்குள் விருந்தாளிகளில் ஒருவர் சுவரில் சாய்ந்தார், இரண்டு பேர் கதவைப் பிடித்தார்கள், வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்தே விட்டார்.

"லக்ஷிகா," என்று ஸும்றா காதோடு சொன்னார், "அழுகையா வருது எனக்கு. அந்த நம்பரெல்லாம் எங்க?"

"உள்ளுக்கு இருக்கு மிஸ். பெயின்டுக்கு அடியில. உங்களுக்காகத்தான் அடிச்சாங்க. பழைய சட்டையோட உங்க முன்னால நிக்க அவங்களுக்கு மனசு வரல." அவள் ஸும்றாவின் கையைப் பிடித்தாள். "இப்ப என் பின்னால வாங்க. சத்தம் போடாம."

திறந்திருந்த பழனியப்பன் கடைக்குள் லக்ஷிகா நுழைந்தாள். ஸும்றா நுழைந்தார். பருப்பு மூட்டை, கருவாட்டுப் பெட்டி, சாமி படம், சமையலறை என்று ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேரும் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். முஹ்ஸின் ஆங்கிலத்தில் "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று நிமிர்ந்தபோது, எதிரே நான்கு முச்சக்கரவண்டிக்காரர்கள் மட்டும் கை தட்டினார்கள்.

பின்சந்தில் கால் வைத்த ஸும்றா கேமராவைக்கூடத் திறக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதன் பிறகு அவருக்குப் பேசச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. பெண்கள் தொடங்கிவிட்டார்கள்.

கிருஷ்ணகுமாரி தன் நிலைப்படியைக் காட்டி, இந்தப் பக்கம் குழிந்தது மாமியார் உட்கார்ந்து, அந்தப் பக்கம் குழிந்தது மாமியாருக்குப் பயந்து தான் ஓடி என்றாள். இன்னொரு வீட்டுக்காரி சில்லைச் சுற்றிக் காட்டி, அதில் தொங்கப்போய்க் கை முறிந்தவர்களின் பெயரை வரிசையாகச் சொன்னாள். அதில் இருவர் இப்போது முன்னால் கடை நடத்தும் கனவான்கள். லதீபா, நோன்புக் கஞ்சிச் சட்டி எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்குப் போகும், தீபாவளிப் பலகாரத் தட்டு எந்த வழியாகத் திரும்பும், எந்த இரண்டு வாசல்களுக்கிடையே ஆறு வருஷமாகத் தட்டே போவதில்லை என்று விவரித்தாள். அந்த இரண்டு வாசல்காரிகளும் அங்கேயே நின்றதால் பழைய சண்டை அங்கேயே மீண்டும் தொடங்கியது. விருந்தாளிகள் நகர மறுத்தார்கள். வெள்ளைக் காற்சட்டைப் பெரியவர், பின்பக்கம் முழுக்க ரோஸ் நிறத்தோடு, இரண்டு தரப்பின் நியாயத்தையும் கேட்டுச் சமாதானம் பேச முயன்றார்.

லதீபாவின் வீட்டுக்கும் லக்ஷிகாவின் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு திறப்பு இருந்தது. நிலையில்லை, கதவில்லை. செங்கல்லை ஒழுங்கில்லாமல் இடித்து வழி பண்ணியிருந்தார்கள். பூசப்படவுமில்லை. ஸும்றா அதன் முன்னால் நின்றார்.

"இது எந்தக் காலத்துல?"

லக்ஷிகாவுக்குத் தெரியவில்லை. அது எப்போதும் இருந்தது. அவள் லதீபாவைப் பார்த்தாள்.

"எண்பத்திமூணு. ஜூலைக் கலவரம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பழனியப்பன் மாலைகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, விருந்தாளிகளைத் தேடி வந்திருந்தார். "எனக்கு அப்ப பதினாலு வயசு. முன்னால கதவ ஒடைக்கிறானுங்க. சந்து மொனையிலயும் ஆளுங்க. நாங்க எட்டுப் பேரு இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம். அப்ப அந்தப் பக்கத்துல இருந்து இடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அங்கயும் வந்துட்டானுங்கன்னு நெனச்சு எங்கம்மா என் வாயப் பொத்தினாங்க. ஒரு கல்லு விழுந்துச்சு. ஓட்டையில முஹ்ஸினோட உம்மா மொகம். கையில கோடாலி."

"வாப்பா கடைக்குள்ள வந்தவங்கள்ட்ட பேசிக்கொண்டு நிண்டாரு," என்றது இன்னொரு குரல். முஹ்ஸின், கோட்டைக் கழற்றிக் கையில் போட்டபடி, பழனியப்பனுக்குப் பின்னால் நின்றார். "நான் உம்மாட்ட 'நான் வெட்டுறன், தாங்க'ண்டன். 'ஒனக்கு நேரா வெட்டத் தெரியாது'ண்டு தரவேயில்ல."

"அவங்களுக்கும்தான் நேரா வெட்டத் தெரியல," என்றார் பழனியப்பன், திறப்பின் கோணலைத் தடவிக்கொண்டு.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் பழனியப்பன் மாலையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார். அப்பா இதை எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று லக்ஷிகா யோசித்தாள். எந்தக் கடை எந்த வருஷம் தொடங்கியது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதில்லை. கிருஷ்ணகுமாரி, "சரி சரி, எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்காம இடியப்பம் சாப்பிட வாங்க," என்று தட்டைத் தூக்கினாள்.

ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய நடை பிற்பகல் மூன்றரை மணி வரை போனது. முஹ்ஸின் பாதியில் விட்ட ஆங்கில உரையைப் பீலியடியில் துணி துவைக்கும் கல்மேல் ஏறி நின்று முடித்தார். இம்முறை எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு மாலை போட்டார்கள். மாலை போதாமல் போனதால், சமாதானம் பேசிய பெரியவருக்கு மட்டும் லதீபா ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக் கொடுத்தாள்.

புறப்படும்போது ஸும்றா ரோஸ் கதவு ஒன்றின் முன் நின்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "டேர்பன்டைனும் பொறுமையும் இருந்தா எடுக்கலாம்," என்றார் முஹ்ஸினிடம். "ஆனா எடுக்கணுமெண்டு நான் சொல்ல மாட்டன். இது உங்கட வாசல்."

முஹ்ஸினும் அதே இடத்தை நகத்தால் சுரண்டினார். "ஒரு பலகையச் சொறண்டிப் பாக்கன். வடிவா வந்தா மத்ததையும் பாப்பம். டேர்பன்டைன் எங்கட கடையிலயே ஈக்கு," என்றார்.

அதற்கடுத்த மாதம் காலி நகரிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. அதற்குள் முஹ்ஸினின் கடையில் ஏழு பலகைகள் பழையபடி ஆகியிருந்தன. மீதி ரோஸாகவே இருந்தன, அவருக்கு இரண்டும் பிடித்துப்போய்விட்டது. லக்ஷிகாவுக்கு அன்று அலுவலகத்தில் அவசர வேலை, வர முடியவில்லை. சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது சந்தில் இன்னும் பேச்சுச் சத்தம் கேட்டது. லதீபா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, இருபத்தாறு பேருக்கு நடுவே கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். லக்ஷிகாவைக் கண்டதும் கையைக் காட்டி அமர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க மகள். இன்னும் நாங்க ரெண்டாவது ஊட்டுலதான் ஈக்கோம்."